ஏழை நீர்

பொன்டிப்ரீத். செவ்வாய் காலை ஒன்பது மணி.
மண் இயக்கவியல், இரண்டாம் ஆண்டு.
நான் கதைக்கக் கதைக்க
என் தலைக்குப் பின்னாலுள்ள திரையில்
ஓர் இயந்திரம் எழுதிக்கொண்டே வருகிறது.

அது மாப்லிக்காக.
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்,
பிறவியிலேயே காது கேளாதவள்.
(முதல் நாள் பெயர் கூப்பிடுகையில்
மாப்பிள்ளை என்று வந்துவிடுமோ எனப் பயந்து
இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
வந்தே விட்டது.
திரையில் விழுந்தது: துடைப்பத் தலையணை.
அவள்தான் முதலில் சிரித்தாள்.)

மண்ணின் மணிகளுக்கிடையே துளைகள் உண்டு,
துளைக்குள் நீர் உண்டு.
வெளியேற வழியில்லாத நீர்
மேலிருக்கும் பாரத்தைத் தானே ஏற்கும்.
ஏற்க ஏற்க மண்ணின் பிடி தளரும்.
இதே ஆற்றங்கரையில், கொஞ்சம் மேலே,
நிலக்கரிக் கழிவுக் குன்று ஒன்று
ஒரு காலையில் பள்ளிக்கூடத்தின்மேல் இறங்கியதை
இவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த அழுத்தத்துக்கு இங்கே பெயர் போர் பிரஷர்.
போர் என்றால் துளை.
எனக்கு அந்த ஓசை வேறு.
ஒவ்வொரு முறையும் நாக்கு அதன் வாசலில் நின்று
கொஞ்சம் வளைத்து, மெதுவாக்கி,
புவர் என்பதுபோலச் சொல்லிக் கடந்துவிடும்.
பத்தொன்பது வருடம் யாரும் கவனிக்கவில்லை.
இயந்திரம் கவனித்தது.
ஏழை நீரழுத்தம் என்று எழுதியது.

களிமண் விளையாட்டானது.
வெட்டு வலிமை நாற்காலி வலிமையானது.
தொண்ணூற்றைந்து விழுக்காடு சரி என்றது
அலுவலகத்தின் மின்னஞ்சல்.
மிச்ச ஐந்தில் யார் யார் என்று அதில் இல்லை.
கேட்டேன். பதிலாக ஒரு படிவம் வந்தது:
தெளிவான உச்சரிப்புக்குப் பயிற்சி, புதன் மாலை, இலவசம்.
மாப்லியின் உரிமைக்காக என்று கீழே ஒரு வரி.
அதுவும் உண்மைதான்.
அதனால்தான் கோபப்படக்கூட முடியவில்லை.

போனேன்.
எனக்கு முன்பே அங்கே எம்ரிஸ் உட்கார்ந்திருந்தான்,
நில அளவை படிப்பிப்பவன்,
அடுத்த பள்ளத்தாக்கில் பிறந்து
அதைத் தாண்டி வேலைக்குப் போகாதவன்.
"இந்தப் பெட்டிக்கு நான் வெளிநாட்டுக்காரனாம்" என்றான்.
இருவரும் ஒரு கண்ணாடிக்கு முன் நின்று
வாயைத் திறந்து மூடினோம்.

ஜனவரியில் அவள் விடைத்தாள்.
கணக்கு சரி. அலகுகள் சரி.
சரிவு எப்போது வழுக்கும் என்பது
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை சரி.
பதினோரு இடத்தில் ஏழை நீரழுத்தம்.
இரண்டாவது திருத்துநர் சிவப்பில் வட்டமிட்டு
கலைச்சொல் தெரியவில்லை, ஆறு கழிக்கவும் என்றிருந்தார்.

யாரிடமிருந்து கழிக்க?

ஒரு தாளில் எழுதி அவளிடம் கேட்டேன்.
அவள் கீழே எழுதினாள்:
"அதுதான் பெயர் என்று நினைத்தேன்.
போக இடமில்லாமல் அடியில் கிடந்து சுமக்கிறதே.
பொருந்தாமலா இருக்கிறது?"

ஆறையும் திருப்பிப் போட்டேன்.
மேல்முறையீடு இன்னும் ஏதோ ஒரு மேசையில்.

இப்போது ஞாயிறு இரவுகளில்
நாற்பது சொற்களை இயந்திரத்துக்கு ஊட்டுகிறேன்.
மணித்தியாலக் கூலியில் ஞாயிறு சேராது.
போர் சரியாக வருகிறது.
எங்கும் அதுவே வருகிறது.
நேற்று,
ஏழைகளின் வீடுகள் எப்போதும் சரிவின் அடியில் என்றேன்.
திரை எழுதியது: துளைகளின் வீடுகள்.

மாப்லி திரையைப் பார்த்தாள்,
என் வாயைப் பார்த்தாள்,
கையைத் தூக்கினாள்.